சூட்டுக் கட்டி என்று விட்டுவிடலாமா?

அக்குளில் ஒரு கட்டி. பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியாது. சீழ் கசிந்து ரவிக்கையில் கறை படுமே என்று கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டில் சூடு என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவார்கள். உடையும், ஆறும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வரும்.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் அது ‘ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரேட்டிவா’ என்ற நாள்பட்ட அழற்சி நோயாக இருக்கலாம். அக்குள், மார்பின் அடிப்பக்கம், தொடையிடுக்கு என்று தோலோடு தோல் உரசும் இடங்களில் வரும். மேலை நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். பலருக்கு மாதவிலக்கை ஒட்டி வலி கூடும். 1854-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெர்னேய் இதை வியர்வைச் சுரப்பியின் கோளாறு என்று கருதினார். உண்மையில் முதலில் அடைபடுவது மயிர்க்கால். பெயரில் மட்டும் வியர்வைச் சுரப்பி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! குளிக்காததால் வருவதல்ல, தொற்றவும் தொற்றாது. ஆனாலும் கூச்சத்தால் பலர் வெளியே சொல்வதில்லை. நோய் இன்னதென்று தெரியவே ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகிவிடுவதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

கீறிச் சீழை எடுத்தால் வலி அடங்கும், நோய் போகாது. தோலுக்கடியில் சுரங்கம்போல் புண் ஓடிவிட்டால், அதன் கூரையை மட்டும் நீக்கித் தரையை ஆறவிடும் அறுவை சிகிச்சை பலன் தருகிறது.

மருந்தில் திருப்பம் 2015-இல் வந்தது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசிக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இரண்டு பெரிய ஆய்வுகளில், 12 வாரங்களில் கட்டிகள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 42, 59 சதவீதம். வெற்று ஊசி போட்டவர்களில் 26, 28 சதவீதம். 2023-இல் செகுகினுமாப், 2024-இல் பிமெகிசுமாப் அங்கே ஒப்புதல் பெற்றன. இவை தடுப்பது இன்டர்லூகின்-17 என்ற வேறொரு புரதத்தை. மாத்திரைகளும் சோதனையில் உள்ளன.

எதுவும் நோயை அடியோடு போக்கிவிடாது, கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தியோடு விளையாடும் மருந்துகள் என்பதால், ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அடாலிமுமாபின் முதல் நகல் மருந்தை 2014-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்தியாவின் சைடஸ் நிறுவனம். விலை இறங்கியது, ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் பாரம்தான்.

ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை இந்த இடங்களில் கட்டி வந்தால் சுண்ணாம்பை ஒதுக்கிவைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.