மணற்பாலையில் தடையோட்டம்

பாலைத் திணையைப் பாடஞ் சொல்லும்போது மாணவர் மனக்கண்ணில் மணற்குன்றே தோன்றுகிறது. பண்டைத் தமிழர் கண்ட பாலையோ, மழையின்றி வளமிழந்த முல்லையும் குறிஞ்சியுமாம். மெய்யான மணற்கடலில், அபுதாபியின் லிவாவில், 2021 டிசம்பரில் ஸ்பார்ட்டன் உலகத் தடையோட்டம் நடைபெற்றது. தொலைவு 21 கிலோமீட்டர். இடையிடையே ஏறுதற்கு மதிலும் கயிறும், சுமத்தற்கு மணல்மூட்டையும் உண்டு.

இத்தகைய ஓட்டத்திற்கு ஆயத்தஞ் செய்வோர் கால்களோடு வியர்வையையும் பழக்க வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வெப்பத்தில் உழைத்துவந்தால், 10 முதல் 14 நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முந்திச் சுரக்கும். அதில் உப்புக் குறையும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் இப்பேறு நீங்கிவிடும்.

செர்டாங் வெயிலில் வளர்ந்த நமக்கு இது எளிதன்றோ எனலாம். ஓரளவு உண்மையே. ஆனால் நம் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் சட்டையை நனைக்கும்; இழப்பு கண்ணுக்குத் தெரியும். பாலைக் காற்றோ சுரந்தவுடன் அதனை உறிஞ்சிவிடும். தோல் உலர்ந்திருக்கக் கண்டு, வியர்க்கவில்லையென நம்மவர் ஏமாறக்கூடும். ஆதலின் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலை நிறுத்துப் பார்த்தல் நலம். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிற்று என்க. அதற்காக வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடித்தலும் கேடு. குருதியில் சோடியம் தாழ்ந்து உயிருக்கே இடராகும்.

உலர்மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல் ஒன்றரை மடங்கிற்கு மேல் ஆற்றல் செலவாகும். கடற்கரையில் பழகலாம். மணல் ஒட்டிய கையோடு கயிறேறவும் பழகுக.

உடன் ஓடுவோர் பேச்சுக் குழறினால், உடல்வெப்பம் 40 பாகையை எட்டியிருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுக, மருத்துவரை அழைக்க. பள்ளி விளையாட்டு விழாவில் வெயிலில் ஓடித் தடுமாறும் சிறுவனுக்கும் இதுவே முறை.