16 மணி நேரமும் ஒரு சம்பளத் தேதியும்

தனியே வளர்ப்பவர்கள் – 6

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பகல் பன்னிரண்டு மணியை நெருங்கும்போது சில பெண்கள் வேலைக்கு வந்து சேர்வார்கள். ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கும் பட்டாணியும் பரிமாறுவார்கள். மேசையில் சிந்தியதைத் துடைப்பார்கள். விளையாட்டுத் திடலில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைக்கு மருந்து போடுவார்கள். இரண்டு மணி வாக்கில் வேலை முடிந்துவிடும். ஊர் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'டின்னர் லேடி'. சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் இந்த வேலையைத் தேடிப் பிடிப்பார்கள். பிள்ளைக்குப் பள்ளி இருக்கும்போதுதான் இவர்களுக்கும் வேலை; பிள்ளைக்கு லீவு விட்டால் இவர்களுக்கும் லீவு.

வேறு வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இந்த லீவுதான் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் வருடத்துக்கு 39 வாரம் நடக்கிறது. மீதி 13 வாரம் விடுமுறை. வேலைக்குப் போகிறவருக்குச் சட்டம் தரும் சம்பளத்துடன் கூடிய விடுப்போ 5.6 வாரம். அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு வாரமாக மாற்றி மாற்றி லீவு போட்டு 11 வாரத்தை ஒப்பேற்றலாம். ஒருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஏழு வாரத்துக்கும் மேல் துண்டு விழுகிறது. பாட்டி, தாத்தா பக்கத்தில் இருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து விடுமுறைக் காப்பகத்தில் விட வேண்டும்; அந்தக் காசுக்காக இன்னும் கூடுதல் நேரம் உழைக்க வேண்டும். பிரிட்டனில் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் சுமார் 30 லட்சம். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் அந்த ஒருவர் அம்மாதான்.

பகுதி நேர வேலைதான் இதற்கு வழி என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் அந்த அம்மா முடிவு செய்வதில்லை. அரசாங்கத்தின் கணக்கு முடிவு செய்கிறது.

1990களில் அரசு உதவியில் வாழ்ந்த தனித் தாய் ஒருவர் வாரத்துக்கு 15 பவுண்டு வரைதான் உதவித்தொகை குறையாமல் சம்பாதிக்கலாம். எடின்பரோவில் கைக்குழந்தையோடு அந்த உதவியில் காலம் தள்ளியவர்களில் 'ஹாரி பாட்டர்' எழுதிய ஜே.கே. ரௌலிங்கும் ஒருவர். குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு வேறொரு உதவி இருந்தது. வாரம் 24 மணி நேரம் வேலை பார்த்தால்தான் அது கிடைக்கும் என்றிருந்ததை 1992இல் 16 ஆகக் குறைத்தார்கள். 2003இல் புதிய வரிச் சலுகைத் திட்டம் வந்தபோதும் தனிப் பெற்றோருக்கு அதே 16தான். அந்த எண் பிரிட்டனில் ஒரு தலைமுறைத் தனித் தாய்மார்களின் வாழ்க்கைக்குச் சட்டம் போட்டது. 15 மணி நேரம் உழைத்தவருக்கு அந்த உதவி கிடையாது; 16 மணி நேரம் உழைத்தவருக்கு உண்டு.

2013இல் 'யுனிவர்சல் கிரெடிட்' அறிமுகமானது. பழைய உதவிகள் பலவற்றை ஒன்றாக்கி, மாதா மாதம் வரும் சம்பளத்தைப் பார்த்து, அது ஏற ஏற உதவியைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு. மணிக்கணக்கின் கெடுபிடி தளரும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மணிக்கணக்கு செய்த வேலையைக் காலண்டர் எடுத்துக்கொண்டது.

மேற்கு யார்க்‌ஷயரில் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு மகளைத் தனியாக வளர்த்தவர் ஒரு பெண். மாதத்தின் கடைசி வேலை நாளில் அவருக்குச் சம்பளம். யுனிவர்சல் கிரெடிட்டுக்கான அவருடைய மாதக் கணக்கும் மாதக் கடைசி நாளில்தான் தொடங்கியது. இப்படி அமைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 காலண்டரைப் பார்த்தாலே போதும். ஆகஸ்ட் 31 வெள்ளிக்கிழமை, அன்று சம்பளம். செப்டம்பர் 30 ஞாயிறு. ஆகவே அந்த மாதச் சம்பளம் 28ஆம் தேதி வெள்ளியன்றே வந்துவிடும். ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 29 வரையிலான கணக்கில் இரண்டு சம்பளம் விழுகிறது. அடுத்த கணக்கு செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 30 வரை. அக்டோபர் சம்பளம் வருவதோ 31ஆம் தேதி. அந்தக் கணக்கில் சம்பளமே இல்லை. கணினியின் கண்ணுக்கு இந்தப் பெண் ஒரு மாதம் இரட்டிப்பாகச் சம்பாதித்தார், மறு மாதம் வேலையே பார்க்கவில்லை. உண்மையில் அவர் தினமும் அதே தட்டுகளைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

நஷ்டம் எங்கே? பிள்ளை உள்ளவர் சம்பாதிக்கும் முதல் 198 பவுண்டை அப்போது கணக்கில் எடுக்க மாட்டார்கள் (வாடகை உதவியும் பெறுபவருக்கான தொகை இது). அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 63 பென்ஸ் பிடித்தார்கள். இரண்டு சம்பளம் விழுந்த மாதத்தில் இந்தச் சலுகை ஒரு முறைதான். சம்பளமில்லாத மாதத்தின் சலுகை வீணாகிறது. ஒவ்வொரு முறையும் போவது சுமார் 125 பவுண்டு. வருடத்துக்கு நான்கு முறை நடந்தால் 500 பவுண்டு, நம் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல். அதைவிடக் கொடுமை, எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் வாடகையும் மின்கட்டணமும் கட்ட வேண்டியிருப்பது.

இதே நிலையில் இருந்த வேறு மூன்று தனித் தாய்மாரும் சேர, நால்வரும் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. எல்லாம் தானியங்கி முறையில் நடக்கிறது, மாற்றினால் செலவாகும் என்பது அரசின் வாதம். 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாய்மார் பக்கமே நின்றது. சம்பளத் தேதியும் கணக்குத் தேதியும் மோதும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காணாமல் விட்டது பகுத்தறிவுக்கே பொருந்தாது என்று நீதிபதி விவியன் ரோஸ் எழுதினார். ஒரு அரசாங்கத்தைப் பார்த்து நீதிமன்றம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடும் வார்த்தை அல்ல இது. அதே ஆண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரே கணக்கில் இரண்டு சம்பளம் விழுந்தால் ஒன்றை வேறு மாதத்துக்கு மாற்ற வழி பிறந்தது.

மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான். நான்கு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குபவர்களும் பிரிட்டனில் ஏராளம். அப்படி ஒருவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த பராமரிப்புப் பணியாளர், தனியாக ஒரு வழக்குப் போட்டார். வாரம் 16 மணி நேர வேலை, குறைந்தபட்ச ஊதியம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் உதவி என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வாரம் 16 மணி நேரத்துக்கு ஈடாகச் சம்பாதிப்பவருக்கு அது பொருந்தாது. 2019–20இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8.21 பவுண்டு. அதன்படி மாதம் 569 பவுண்டு சம்பாதித்திருக்க வேண்டும். நான்கு வாரச் சம்பளமாக வாங்குபவர் கைக்கு வருவது 525. வருடம் முழுக்கக் கூட்டினால் இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் மாத மாதம் பார்க்கும் கணினிக்கு 11 மாதம் அவர் குறைவாக உழைத்தவர். இரண்டு சம்பளம் விழும் ஒரு மாதம் மட்டும் விலக்கு. மாதம் 400 பவுண்டுக்கும் மேல் வெட்டு விழுந்தது. உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் இவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2021 அக்டோபரில் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. மாதக் கணக்கு என்பது அரசின் கொள்கை முடிவு, அதை நீதிமன்றம் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று சொல்ல முடியாது என்றார்கள். விதித்த மணி நேரத்தை முழுதாக உழைத்துக் கொடுத்தவர், முதலாளி சம்பளம் போடும் நாளால் தண்டிக்கப்பட்டார். சட்டம் ஏற்றாலும் இதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

இதற்கிடையில் எதிர்பார்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2008 வரை, கடைசிப் பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை தனித் தாயை வேலை தேடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தவில்லை. பிறகு அந்த வயது 12 ஆனது, 10 ஆனது, 7 ஆனது, 2012இல் 5 ஆனது. இப்போது பிள்ளைக்கு 3 வயது ஆகிவிட்டால், வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்கச் சொல்லலாம். பள்ளிகள் திறந்திருக்க வேண்டிய நேரமே வாரத்துக்கு 32 மணி 30 நிமிடம்தான். பஸ்ஸில் போய் வர, சாப்பிட, மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். 2025 ஏப்ரலில் 750 தொடக்கப் பள்ளிகளில் முதற்கட்டமாக இலவசக் காலை உணவு மையங்கள் தொடங்கின. பள்ளிக்கு முன்பு அரை மணி நேரம் பிள்ளையை அங்கே விடலாம். அந்த அரை மணியால் எட்டரை மணிக்குத் தொடங்கும் ஷிப்ட்டை ஒப்புக்கொள்ள முடிந்த அம்மாக்கள் இருப்பார்கள். இன்னும் இதுபோல் நிறைய வேண்டும்.

காப்பகக் கட்டணத்தை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் அரசிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றொரு விதி இருந்தது. கட்டுவதற்குக் கையில் பணமில்லாததால் வேலை நேரத்தையே குறைத்துக்கொள்ள நேர்ந்தவர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)