மலை நெல்லியும் சோளகரும்

கார்த்திகை பிறந்து குளிர் இறங்கத் தொடங்கியதும் பெங்களூர்க் காந்தி பஜாரிலும் மல்லேசுவரத்திலும் காய்கறிக்காரர்கள் 'பெட்டத நெல்லிக்காய்' என்று சொல்லி விற்பதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். பெட்ட என்பது கன்னடத்தில் மலையைக் குறிக்கும். சிறிய அருநெல்லியினின்று பிரித்துக் காட்ட நாம் பெருநெல்லி என்று அளவினால் பெயரிட்டோம். கன்னட மக்களோ அது பிறந்த இடத்தினால் பெயரிட்டனர். ஓசூர் வழியாகச் சொந்த ஊருக்குப் போய் வருவோர் தருமபுரியைக் கடக்கிறோம். அதுவே பழைய தகடூர். அதியமான் ஔவைக்கு ஈந்த கனியும் தோட்டத்தில் பறித்ததன்று; எளிதில் எட்டாத மலைப்பிளவில் விளைந்த நெல்லியே என்பது இலக்கியம் கற்றோர் அறிந்தது.

இன்று கூடையில் வருவது பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள் நட்ட தோட்டங்களில் விளைந்த பெரிய காய். மலைக்காய் அதனினும் சிறியது, நார் மிகுந்தது, துவர்ப்பும் கூடியது. அந்த மலைக்காயைத் தரும் மரத்தையும், அம்மரத்தோடு வாழும் மக்களையும் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

உழுது விதைத்து உண்பது ஒரு வாழ்வு. காட்டில் தானே நிற்கும் மரத்திடம் உணவு பெறுவது வேறொரு வாழ்வு. பின்னதற்கு உழைப்பு இல்லையென்று எண்ணுதல் தவறு. உழைப்பைவிட அறிவு மிகுதியாக வேண்டும். மலையாளத்தில் ஈந்து என்றொரு மரம் உண்டு, பார்வைக்குப் பனை போலிருந்தாலும் பனையினத்தைச் சேர்ந்ததன்று, பேரீச்சைக்கும் உறவன்று. அதன் கொட்டையில் நஞ்சு இருக்கிறது. கொட்டையைப் பிளந்து உலர்த்தி, நீரில் ஊறவைத்து, அந்நீரை மீண்டும் மீண்டும் மாற்றி நஞ்சைக் கழித்த பின்னரே மாவாக்குவர். கோழிக்கோடு, வயநாடு பக்கங்களில் அம்மாவைப் பிடித்து உருட்டி இறைச்சிக் குழம்பில் வேகவைத்து உண்பர். முதன்முதலில் இதைக் கண்டறிந்தவர் யாரோ, எத்தனை பேர் நோயுற்ற பிறகோ!

கூந்தற்பனையின் செய்தி வேறு. அதன் தண்டின் உட்சோற்றை இடித்து அலசினால் மாவு கிடைக்கும். ஆனால் அதற்கு மரத்தை வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டு, பூம்பாளையைச் சீவினால் பதநீர் கிடைக்கும். இலங்கையில் இதைக் கித்துள் என்பர். கித்துள் பாணியும் கருப்பட்டியும் அங்கே தயிருக்கும் தேநீருக்கும் துணை. அதன் மாவில் கஞ்சியும் காய்ச்சுவர். ஒரே மரத்தில் இரண்டு உணவு. எதைக் கொள்வது என்பதை மனிதர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இலுப்பையில் அந்தத் தொல்லை இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். நடுவிந்தியாவின் கோண்டு மக்களுக்கு அது ஏளனமன்று. அவர்கள் மகுவா என்று வழங்கும் இலுப்பை, வேனில் தொடக்கத்தில் விடியலில் தானாகப் பூவை உதிர்க்கும். சதைப்பற்றுள்ள இனிய பூ. பெண்களும் சிறுவரும் கூடையோடு சென்று பொறுக்கி, உலர்த்தி, பஞ்ச மாதங்களுக்குச் சேமித்து வைப்பர். பூ நன்கு தெரியவேண்டும் என்பதற்காக மரத்தடிச் சருகை முன்கூட்டியே எரித்துவிடுவதும் அவர்கள் வழக்கம். இந்தச் சருகுத் தீயை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறோரிடத்தில் அதைக் காண்போம்.

கன்னட மலைநாட்டுக்கு வந்தால் 'அப்பெமிடி' உண்டு. ஆற்றங்கரைக் காடுகளில் தானே முளைத்த மாமரங்களின் வடு. காம்பை ஒடித்தால் மணம் எழும். உப்பிலிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. நம் மாவடுவுக்கு நெருங்கிய உறவு. நறுமணத்தில் அதற்குச் சற்று மேலே என்பது என் கருத்து. மதுரைக்காரர்கள் பொறுத்தருள்க. விலை ஏறியதும் மரத்தில் ஏறிப் பறிப்பதை விட்டுக் கிளையையே வெட்டிச் சாய்ப்பவரும் தோன்றினர். அந்தக் கிளை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இனி நெல்லிக்கு வருவோம். பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது பிலிகிரிரங்கன் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் அது. அதன் தென்புறக் காடுகள் சத்தியமங்கலக் காட்டோடு சேர்கின்றன. இங்குத் தொன்றுதொட்டு வாழ்பவர் சோலிகர். ஈரோடு மாவட்டத்தில் நாம் சோளகர் என்பது இவர்களையே. இவர்கள் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. தமிழ்க்காதுக்கும் முற்றிலும் அந்நியமன்று. மலைமேல் கோயில் கொண்ட ரங்கநாதர் தங்கள் குலப்பெண்ணை மணந்தவர் என்பதால் அவரைப் 'பாவா' என்று, அதாவது மைத்துனராக, உறவு கொண்டாடுகின்றனர். காட்டினுள்ளே 'தொட்ட சம்பிகெ' எனும் மிகப் பழைய செண்பக மரம் ஒன்று அவர்களுக்குத் தெய்வம். கேழ்வரகும் கிழங்கும் கீரையும் தேனும் இவர்கள் உணவு. தேனுடன் நெல்லியும், நம் வீட்டுக் குழம்புக்கு மணமூட்டும் கல்பாசியும் இவர்கள் கைக்குப் பணம் தருபவை.

நெல்லியில் இம்மலையில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று இலையுதிர் காட்டிலும், மற்றொன்று வறண்ட புதர்க்காட்டிலும் வளரும். தாவர நூலார் பிரித்துப் பெயரிட்டதைப் போலவே சோளகரும் இரண்டையும் வேறுவேறாக அறிவர். குளிர்காலத்தில் காய் முற்றும். ஒரு மரத்தை முழுவதும் ஒட்டப் பறித்துவிடாமல் ஒரு பங்கை விட்டு வருவது பழைய ஒழுங்கு. அந்தப் பங்கு புள்ளிமானுக்கும் குரங்குக்கும். இது இரக்கம் மட்டுமன்று. மான் காயை விழுங்கிப் பின்னர் எங்கோ படுத்து அசைபோடும்பொழுது கொட்டையை உமிழ்ந்துவிடும். அங்கே புதுக்கன்று முளைக்கும்.

1974-ஆம் ஆண்டில் இம்மலை வனவிலங்குப் புகலிடமாயிற்று. காடு திருத்திப் பயிர்செய்தலும் காட்டில் தீயிடுதலும் தடுக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திருத்தத்தைத் தொடர்ந்து, காட்டுப்பொருளை விற்பனைக்காகத் திரட்டுவதும் சில ஆண்டுகளில் நின்றது. மனிதர் கை படாவிட்டால் நெல்லி செழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நிகழ்ந்தது வேறு. மரங்களில் புல்லுருவி பெருகியது.

புல்லுருவி நம் ஊர் மாமரத்திலும் காண்பதுதான். அதற்குப் பச்சை இலை உண்டு. ஆனால் மண்ணில் வேர் இல்லை. தாங்கும் மரத்தின் கிளைக்குள் வேரை இறக்கி நீரையும் உப்புச்சத்தையும் உறிஞ்சும். அதன் பசையுள்ள விதையைச் சிறு பறவைகள் கிளைதோறும் ஒட்டிவிடும். பற்றிய கிளை நாளடைவில் வாடும், காய் குறையும், மரமே பட்டுப்போதலும் உண்டு.

ஏன் பெருகியது? பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தார் நெடுங்காலம் இம்மலையில் நெல்லியை அளந்து வந்தவர்கள். அவர்கள் கணக்கில் இல்லாத ஒரு விடை சோளகரிடம் இருந்தது. 'தரகு பெங்கி' என்பர் அதனை. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. கோடை முற்றுவதற்கு முன்பே, பனியின் ஈரம் இருக்கும்பொழுதே, சருகுக்கு மெல்லத் தீயிடுவர். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. உண்ணிகள் மடியும், புது முளை எழும், சூடும் புகையும் புல்லுருவியை அடக்கிவைக்கும் என்பது அவர்கள் கூற்று. காய் பறிக்கப் போகிறவர் புல்லுருவி பிடித்த கிளையைக் கண்டால் களைந்துவிடுவதும் வழக்கம். தீயும் நின்றது, கையும் நின்றது.

இதற்கிடையே உண்ணிச்செடியும் காட்டை மூடிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்கென அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து நம் நாட்டுக்குக் கொணர்ந்த செடி அது. பெங்களூர் வேலியோரங்களிலும் பல நிறத்துச் சிறுபூக்களுடன் நிற்கும். அது அடர்ந்த இடத்தில் நெல்லிக் கன்று தலைதூக்குவது அரிது. தீ நின்றதால்தான் அது பரவியது என்று சோளகர் முதியோர் கூறுவர். வேறு காரணங்களும் இருத்தல் கூடும். ஆனால் ஒன்று உறுதி: உண்ணிச்செடி மண்டிய காட்டில் இன்று தீப்பிடித்தால் அது பழைய முழங்கால் தீயாக இராது, மர உச்சி வரை பாயும். ஆகவே பழைய வழக்கத்தை அப்படியே நாளைக்கே மீட்டுவிடலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் புதரைக் குறைக்க வேண்டும். எங்கே, எப்பொழுது தீயிடுவது என்பதைச் சோளகரோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

2011-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தின்படி, சோளகரின் கிராம சபைகளுக்குத் தேனும் நெல்லியும் திரட்டும் சமுதாய உரிமையும் எழுத்து வடிவில் கிடைத்தது. புலிக்காப்பகம் ஒன்றில் இவ்வுரிமை ஏற்கப்பட்டது நாட்டில் அதுவே முதன்முறை என்பர். உரிமை வந்தது, தீயைப் பற்றிய வழக்கோ இன்னும் தீரவில்லை.

மலைக்காய் கையில் கிடைத்தால் என்ன செய்வது? முதலில் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் முழுக்காயாக ஊறப்போடலாம். ஒரு வாரத்தில் துவர்ப்பு அடங்கும். ஆவியில் வேகவைத்துக் கொட்டை நீக்கி, நல்லெண்ணெயில் மிளகாய்ப்பொடி, வெந்தயம், பெருங்காயம் சேர்த்துச் சுருளக் கிளறினால் நம் தொக்கு. உப்பிட்டு வெயிலில் உலர்த்தினால் வற்றல். உப்பின்றி உலர்ந்த நெல்லியே நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி. கன்னடத்து அண்டை வீட்டாரிடம் கேட்டால் 'தம்புளி' சொல்லித் தருவர். நான்கு காயைச் சீவித் தேங்காய், சீரகம், சில மிளகு சேர்த்து நெய்ய அரைத்து, கெட்டி மோரில் கலந்து, கடுகு தாளிப்பது. அடுப்பில் கொதிக்க வைப்பதில்லை. வெறும் சோற்றுக்கு அதைவிடக் குளிர்ந்த துணை வேறில்லை. இருப்புச் சட்டியும் இருப்புக் கத்தியும் மட்டும் ஆகா. துவர்ப்பு இரும்போடு சேர்ந்து காயைக் கறுக்கச் செய்துவிடும். மண்சட்டியோ கல்சட்டியோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.