படத்து வீட்டின் வெளிச்சம்

வீடு எழும்ப முன்பே வீட்டின் படம் எங்கள் கைக்கு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் படவரைஞர் கோடுகள் கீறிய தாளைத்தான் தருவார். இப்போது சிலர் அறையின் உட்புறத்தைக் கணினியில் உருவாக்கி, புகைப்படம் எடுத்தது போலவே காட்டுகிறார்கள். நிலத்தில் மாபிள் பளபளக்கிறது. யன்னல் சீலைக்கூடாக வெயில் சாய்ந்து விழுகிறது. தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலுக்குள்ளும் வருடக்கணக்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் படத்தைக் கண்டால் மனம் இளகத்தான் செய்யும். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது.

கணினிக்கு எண்கள் மட்டுமே தெரியும். ஒரு பொருளில் ஒளி பட்டால் எந்த இடம் மின்னும், எந்த இடம் மங்கும் என்பதை எண்களாக மாற்றித் தந்தவர்களில் ஒருவர் புய் துவோங் ஃபொங். வியட்நாமியர். 1942 இல் ஹனோயில் பிறந்தார். நாடு இரண்டாகப் பிளந்த 1954 இல் அவரது குடும்பம் தெற்கே சைகோனுக்குப் போனது. பிரான்சில் படித்து, 1971 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1973 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒளி பற்றிய அவரது கட்டுரை 1975 இல் வெளிவந்தது. அதே வருடம் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். 33 வயதுகூட நிறையவில்லை. ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகளில் இப்படியும் ஒருவர்.

அவரது கணக்கை நமது குசினியிலேயே பார்க்கலாம். மண்பானை ஒன்றையும் பித்தளைச் செம்பு ஒன்றையும் யன்னலடியில் வையுங்கள். யன்னலுக்கு முதுகு காட்டும் பக்கம்கூட முழு இருட்டாக இராது. அறையில் பரவியிருக்கும் வெளிச்சம் அங்கே கொஞ்சம் ஒட்டியிருக்கும். இது முதலாவது. யன்னலைப் பார்த்த பக்கம் வெளிச்சமாகத் தொடங்கி, வளைவோடு மெல்ல மெல்ல மங்கிப் போகும். இது இரண்டாவது. மண்பானையில் இதுதான் அதிகம். செம்பிலோ ஒரு பொட்டுப் போல மினுக்கம் தெரியும். இது மூன்றாவது. தலையை அசைத்தால் அந்தப் பொட்டும் நகரும். புளி போட்டுத் துலக்கிய செம்பில் அது சிறிதாக, கூர்மையாக இருக்கும். துலக்காத செம்பில் பரந்து மங்கிவிடும். ஃபொங்கின் கணக்கில் இந்தக் கூர்மைக்கு ஒரேயொரு எண்தான். அதைக் கூட்டி, மினுக்கத்தின் அளவையும் கூட்டிவிட்டால் சாதாரணச் சீமெந்து நிலமும் மெழுகிப் பூசியது போல் ஆகிவிடும்.

உண்மையான அறையில் வெளிச்சம் ஒரு தடவை பட்டதோடு நிற்பதில்லை. முற்றத்து மணலில் பட்டுக் கூரையின் உட்புறத்துக்கு எழும்பும். பச்சைச் சுவரில் பட்டுப் பக்கத்து வெள்ளைச் சுவரிலும் பச்சையை ஊற வைக்கும். 1984 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் நிறச் சுவர்கள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து இதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று பிளெண்டர் என்ற இலவச மென்பொருளே இப்படிப்பட்ட கணக்கைச் செய்கிறது. அதனால் படம் இன்னும் நம்பும்படியாக இருக்கிறது.

ஆனால் சூரியனை எங்கே நிறுத்துவது என்பதைப் படம் செய்பவர்தான் தீர்மானிக்கிறார். மத்தியான வெயில் யன்னலால் சாய்ந்து வந்து அறையின் நடுவரை நீண்டு கிடந்தால், அது குளிர்நாட்டுச் சூரியன். கிளிநொச்சி வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சித்திரைப் பிறப்பை அண்டியும் ஆவணியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில்கூட ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். கூரைத் தாழ்வாரம் கொஞ்சம் நீண்டிருந்தால் அந்த வெயில் உள்ளே வராது. எங்கள் வீடுகளுக்குள் சாய்ந்து வருவது காலை வெயிலும், கொதிக்கிற மாலை வெயிலுமே.

இன்னொரு தந்திரமும் உண்டு. கணினியில் மின்குமிழே இல்லாமல் வெளிச்சம் வைக்கலாம். அதற்கு மின்கட்டணமும் இல்லை! அதைக் காட்டிக்கொடுப்பது மினுக்கம்தான். யன்னல் இடப்பக்கம் மட்டும் இருக்க, மேசையிலுள்ள தம்ளரின் வலப்பக்கத்திலும் ஒரு பொட்டு மின்னினால், அங்கே மறைவாக ஒரு விளக்கு இருக்கக்கூடும். முல்லைத்தீவுப் பக்கம் தைத்துப் பிழைக்கும் ஒரு சகோதரிக்கு வந்த படத்தில் தையல் மெசினடி நல்ல வெளிச்சமாக இருந்தது. வீடு எழும்பியபின் அந்த மூலையில் ஊசிக்கு நூல் கோர்க்கப் பகலிலும் குமிழ் எரிய வேண்டியிருக்கிறது. யன்னலை மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும். கடனோ ஓடிக்கொண்டிருக்கிறது.

2012 இல் கைச்சாத்தான இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. கட்டும் பொறுப்பு பயனாளியுடையது. அது போதாமல் நகையை அடகு வைத்தவர்களையும் கடன்பட்டவர்களையும் நாம் அறிவோம். இப்படிச் சேர்த்த காசில் வாங்குவது படத்து மினுக்கமாக இருக்கக்கூடாது. ஆகவே படவரைஞரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். "தம்பி, மறைச்சு வைச்ச விளக்குகளை நிப்பாட்டிப்போட்டுக் காட்டுங்கோ. சூரியனைக் கிளிநொச்சிக்கு வைச்சு, பங்குனி மாதம் பின்னேரம் மூன்று மணிக்குக் காட்டுங்கோ. மாபிளை எடுத்திட்டுச் சீமெந்து நிலம் போடுங்கோ." கணினி தெரிந்தவருக்கு இவை பெரிய வேலையல்ல. படம் கொஞ்சம் இருண்டுதான் வரும். அந்த இருட்டைப் பார்த்துத்தான் யன்னலை எங்கே வைப்பது என்று பேச வேண்டும்.

கணினிப் படம் கிடைக்காதவர்கள் அத்திவாரம் வெட்டுமுன் காணியில் நாலு தடி நட்டு, பழைய சேலைகளைச் சுவராகக் கட்டி, யன்னல் வரும் இடத்தை மட்டும் திறந்து விடுங்கள். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் உள்ளே போய் நின்று, வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பாருங்கள். மெசின் வைக்கப்போகும் இடத்தில் ஒரு ஊசியையும் நூலையும் கையில் எடுத்துப் பாருங்கள்.