தடுப்பூசி: வணிகர்கள் அறிய வேண்டியவை



வரி, உரிமம், விலைவாசி என்று எழுதிவரும் நம் இதழில் இம்முறை தடுப்பூசியைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழில் பாஷையில் சொல்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு.

1981-ல் நான் அப்பாவிடம் கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் காலில் ஆணி குத்திவிட்டது. சின்னக் காயம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். எட்டாம் நாள் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்தவுடனே ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். நான்கு நாளில் உயிர் போய்விட்டது. ஆணி குத்திய அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஊசி போட அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊசி எப்படிக் காக்கிறது?

கல்லாவில் புதிதாக உட்காரும் பையன் கள்ள நோட்டைத் தெரியாமல் வாங்கிப் போட்டுவிடுவான். முன்கூட்டியே ஒரு மாதிரியைக் காட்டிப் பழக்கியிருந்தால் கை பட்டதுமே பிடித்துவிடுவான். நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும் அப்படித்தான். புதுக் கிருமி ஒன்று நுழைந்தால், அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடலாம். தடுப்பூசி கிருமியின் மாதிரியை முன்பே காட்டிவிடுகிறது. அந்த அடையாளம் நினைவில் இருப்பதால், உண்மையான கிருமி வரும்போது உடம்பு விரைவில் எதிர்த்து நிற்கிறது. 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் மாட்டம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். அந்த வழியிலேயே பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென 1980-ல் அறிவிக்கப்பட்டது.

எத்தனை வகை?

1. வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி: பி.சி.ஜி., தட்டம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து.

2. கொல்லப்பட்ட கிருமி: வெறிநாய்க்கடி ஊசி, போலியோ ஊசி, கொரோனாவுக்குப் போட்ட கோவாக்சின். இவற்றைப் பல தவணையாகப் போட வேண்டியிருக்கும்.

3. கிருமியின் ஒரு பகுதி: மஞ்சள் காமாலை பி ஊசி. இதற்கான புரதத்தை ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள்.

4. செய்முறைக் குறிப்பு: கோவிஷீல்டு இவ்வகை. கொரோனா கிருமியின் மேலுள்ள முள்ளைச் செய்யும் குறிப்பைத் தீங்கற்ற வேறொரு வைரஸ் சுமந்து செல்கிறது. உடம்பே அந்த முள்ளைச் செய்து பார்த்துப் பழகிக்கொள்கிறது.

5. வீரியம் போக்கிய நஞ்சு: டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஊசிகள். இந்நோய்களில் ஆளைக் கொல்வது கிருமி கக்கும் நஞ்சு. அதனால் அந்த நஞ்சையே தீங்கில்லாததாக மாற்றி மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

சரக்கைப் பாதுகாப்பது நமக்குத் தெரிந்த வித்தை. டெட்டனஸ் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கெடுவதைப் போலவே உறைந்தாலும் கெட்டுவிடும்.

டெட்டனஸில் கவனம் தேவை

இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். துரு இல்லாத ஆணியானாலும் ஆபத்துதான். தட்டம்மையென்றால், ஊரில் எல்லாரும் ஊசி போட்டிருந்தால் போடாத ஒருவரும் ஓரளவு தப்பிப்பார். டெட்டனஸ் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதன்று. ஆகவே அடுத்தவர் போட்ட ஊசி நம்மைக் காக்காது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம்.

ஊசியே போடாதவருக்கு அழுக்கான, ஆழமான காயம் பட்டால், தடுப்பூசியோடு ஆயத்தமான எதிர்ப்பொருளையும் செலுத்துவார்கள். அது கைமாற்று வாங்கிய பணம் மாதிரி, சில வாரங்களில் தீர்ந்துவிடும். தடுப்பூசிதான் சொந்த முதல். பெரியவர்களுக்கு முதலில் மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவது. பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. அழுக்குக் காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் உடனே இன்னொன்று. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டி.டி. என்ற ஒரே ஊசியாகப் போடுகிறார்கள்.

தகர டின், சாக்கு ஊசி, மரப்பெட்டி ஆணி இல்லாத கடை நம்மில் யாருடையது? தராசுக்கும் படிக்கல்லுக்கும் நாள் பார்த்து முத்திரை வைக்கிறோம். அதுபோல நாமும் நம்மிடம் வேலை செய்பவர்களும் ஊசி போட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். எங்கள் மண்டியில் அந்த நோட்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.