கல்லாவும் கட்டணக் கருவியும்: நிரலில் ஒட்டும் சிறு சீட்டு

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு வாழையிலை உணவகத்திற்கு நீங்கள் ஜாவா மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'கல்லா' என்று ஒரு கிளாஸ். பணம் பெற அதற்கு ஒரு கட்டணக் கருவி தேவை. வங்கி அட்டைக் கருவியை உருவாக்கும் வரியைக் கல்லாவுக்குள்ளேயே எழுதிவிடுகிறீர்கள்.

உணவகம் கிள்ளானில் கிளை திறக்கிறது. அங்கே கியூ.ஆர். குறியீடு மட்டுமே. இப்போது கல்லாவைப் பிரித்துத் திருத்த வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லா சரியாகக் கூட்டுகிறதா என்று சோதிக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையான ரிங்கிட் கைமாறிவிடலாம்!

இதற்கு வழி என்ன? கல்லா தன் கருவியைத் தானே உருவாக்கக் கூடாது. "எனக்கு ஒரு கட்டணக் கருவி வேண்டும்" என்று மட்டும் அது சொல்லட்டும். வெளியிலிருந்து ஒருவர் கொடுக்கட்டும். பிரிக்பீல்ட்ஸுக்கு அட்டைக் கருவி, கிள்ளானுக்குக் கியூ.ஆர்., சோதனைக்குப் போலிக் கருவி. கல்லாவில் ஓர் எழுத்தும் மாறாது. இதற்கு 'டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்' என்று பெயர். 2004இல் மார்ட்டின் ஃபவ்லர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது.

பெரிய நிரலில் இப்படி நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். அவற்றை யார் இணைப்பது? ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. தொடக்கத்தில், எதை எதனுடன் இணைப்பது என்பதைத் தனியாக எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுத வேண்டியிருந்தது. 2004இல் வெளிவந்த ஜாவா 5, 'அனோட்டேஷன்' என்ற வசதியைத் தந்தது. இது '@' குறியுடன் தொடங்கும் சிறு சீட்டு. 2007இல் ஸ்பிரிங் 2.5, '@ஆட்டோவயர்ட்' என்ற சீட்டைக் கொண்டுவந்தது. 2009இல் '@இன்ஜெக்ட்' ஜாவாவின் பொதுத் தரமானது.

ஒன்றை மறவாதீர்கள்: சீட்டு தானாக எதையும் செய்யாது. உறைமேல் எழுதிய முகவரி தானே நடந்து போகுமா? தபால்காரர்தான் அதைப் படித்துக் கொண்டுசேர்க்கிறார். இங்கே தபால்காரர், ஸ்பிரிங். பொருத்தமான கருவிகள் இரண்டு இருந்து, எது வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், அது பிழை காட்டி நின்றுவிடும். அப்போது '@குவாலிஃபையர்' என்ற இன்னொரு சீட்டால் பெயரைச் சொல்ல வேண்டும்.

முதலில் எந்தச் சீட்டும் இல்லாமல், கல்லாவின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கருவியை நீங்களே கொடுத்துப் பாருங்கள். பிறகு சீட்டை ஒட்டுங்கள். அது மாயமல்ல, உங்கள் கைவேலையைக் குறைக்கும் ஏற்பாடுதான் என்பது புரியும்.