விண்ணப்ப எண் எங்கிருந்து வருது?

வருமானச் சான்றிதழுக்குக் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கிறீங்க. 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினதும் திரையில் ஒரு எண் வருது. அந்த எண்ணை யார் போடுறாங்க?

முன்பு மனு கொடுத்தால், எழுத்தர் பதிவேட்டில் ஏற்றி வரிசை எண் போட்டுத் தருவார். இன்று அந்தப் பதிவேடுதான் டேட்டாபேஸ். உங்கள் மனு அதில் ஒரு வரியாகச் சேரும்போதே, அது தானாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். பல தளங்களில் விண்ணப்ப எண் இதை வைத்தே உருவாகிறது. நீங்கள் இணைக்கும் ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் வேறு அட்டவணையில் இதே எண்ணின் கீழ்தான் சேரும்.

எண் மாறினால் என்ன ஆகும்?

மதுரையில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் ஒரே நொடியில் சமர்ப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்காரர் மனு 5001, சேலத்துக்காரர் மனு 5002. மதுரைக்காரருக்காக மென்பொருள், 'கடைசியாகப் போட்ட எண் எது?' என்று கேட்டால் 5002 என்று பதில் வரலாம். அவருடைய ரேஷன் கார்டு சேலத்துக்காரர் மனுவில் போய் ஒட்டிக்கொள்ளும்!

சரியான கேள்வி, 'நான் இப்போ சேர்த்த வரிக்கு என்ன எண்?' என்பதுதான். ஜாவா மொழியில் இதற்கான வசதி 2002-ல், 1.4 பதிப்பில், ஜேடிபிசி 3.0 மூலம் வந்தது. வரியைச் சேர்க்கும் கட்டளையிலேயே 'ரிட்டர்ன் ஜெனரேட்டட் கீஸ்' என்று சொல்லிவிட வேண்டும். கட்டளை முடிந்ததும் 'கெட் ஜெனரேட்டட் கீஸ்' என்று கேட்டால், அந்தக் கட்டளையில் உருவான எண் மட்டுமே கைக்கு வரும். அதே நேரத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தாலும் குழப்பம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

* எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. ஒப்புகைச் சீட்டில் உங்க பெயர்தான் இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால் உடனே உதவி மையத்தில் சொல்லுங்க.
* திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அழுத்தாதீங்க. இன்னொரு வரி, இன்னொரு எண் உருவாகலாம். கட்டணமும் இரண்டு முறை போகலாம். முதலில் எஸ்எம்எஸ் வந்ததா, 'விண்ணப்ப நிலை' பக்கத்தில் மனு பதிவாகியிருக்கா என்று பாருங்க.
* எண்களில் இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். பாதியில் நின்றுபோன மனுவுக்குப் போன எண் பெரும்பாலும் மறுபடி வராது.

எண் ஒன்று, மனு ஒன்று. அதைப் பத்திரமா வச்சுக்கோங்க!